படிவம் ‘தயார்’ என்கிறது, பாடம் ஓடவில்லை

கேள்வி:

வணக்கம் மேடம். சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் ஏற்காட்டைத் தாண்டி ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார்கள். பிளஸ் டூ வரை தமிழ் வழி. தினமும் விடிந்ததும் கிளம்பி ஒண்டிக்கடையில் பஸ் மாறி மலை இறங்கி வருகிறேன்.

இந்த செமஸ்டரில் எல்லோரும் ஒரு ஆன்லைன் பாடம் முடிக்க வேண்டும் என்று துறையில் சொன்னார்கள். அதற்கு முன்னால் 40 கேள்வி உள்ள ஒரு படிவத்தைப் போனில் அனுப்பினார்கள். ‘இணையத்தில் தேவையானதைத் தேடி எடுக்கத் தெரியும்’, ‘என் படிப்பை நானே திட்டமிடுவேன்’ என்றெல்லாம் இருந்தது. எல்லாவற்றுக்கும் 4, 5 என்று போட்டேன். ‘சுயமாகக் கற்க மிகவும் தயார்’ என்று முடிவு வந்தது. ஜூலையில் மத்திய அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்தில், ஐ.ஐ.டி.கள் சேர்ந்து தரும் என்.பி.டி.இ.எல். நடத்தும் 12 வார பைத்தான் (கணினி நிரல் மொழி) பாடத்தில் சேர்ந்தேன். புதுமைப் பெண் பணத்தில் தேர்வுக்கும் கட்டிவிட்டேன்.

முதல் மூன்று வாரம் அசைன்மென்ட் போட்டேன். அப்புறம் விட்டுப்போய்விட்டது. இப்போது ஆறு வாரம் முடிந்துவிட்டது. பஸ்ஸில் வீடியோ பார்த்தால் வளைவில் தலை சுற்றுகிறது, சிக்னலும் போய்விடுகிறது. சாயங்காலம் பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கிறேன். அப்போது பார்க்கலாம் என்று எடுத்தால் ரீல்ஸில் போய் முடிகிறது. வீட்டில் போனை எடுத்தால் ‘எந்நேரமும் போனா’ என்று அப்பா திட்டுகிறார். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, அசைன்மென்டைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. வகுப்பில் பலர் டெலிகிராமில் வரும் விடையைப் போடுகிறார்கள், சிலர் ஏஐயிடம் கேட்டுப் போடுகிறார்கள். ஃபோரத்தில் சந்தேகம் கேட்க என் ஆங்கிலத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆன்லைன் படிப்பு என்னை மாதிரி ஆளுக்கு ஒத்துவராதா? விட்டுவிடட்டுமா?

— பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

சேலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் கணிதம் நடத்தியவள் நான். இப்போது மாணவர்களின் படிப்புச் சிக்கல்களைக் கேட்டு வழி சொல்வதுதான் என் வேலை. என் பிள்ளைகளை ‘நீ’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். உன்னையும் அப்படியே கூப்பிடுகிறேன்.

விடாதே. முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். என்.பி.டி.இ.எல். பாடங்களில் அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் 12 அசைன்மென்டும் கணக்கில் வராது. அதிக மதிப்பெண் வாங்கிய 8-ஐ மட்டும் எடுத்துச் சராசரி போடுவார்கள். நீ 3 போட்டிருக்கிறாய். இன்னும் 6 வாரம் பாக்கி. மூன்றும் ஆறும் ஒன்பது. அதில் ஒன்று நழுவினாலும் 8 தேறிவிடும். சான்றிதழுக்கு அசைன்மென்டில் 25-க்கு 10-உம் தேர்வில் 75-க்கு 30-உம் வேண்டும். இரண்டும் உன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

இந்த விதி உன் பாடத்தின் அறிமுகப் பக்கத்திலேயே இருக்கும். இன்றைக்கே திறந்து ஒரு வரி விடாமல் படி. பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்த பிள்ளைகள் பலர் பாடம் கடினம் என்று நிறுத்தவில்லை. ‘ரெண்டு வாரம் போயிடுச்சு, இனிமே போட்டு என்ன ஆகப்போகுது’ என்று அவர்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு நிறுத்தியிருக்கிறார்கள். யாரும் அவர்களை வெளியே அனுப்பவில்லை.

சரி, இனி அந்தப் படிவம்.

அது ஏதோ உன் கல்லூரியில் கண்டுபிடித்ததல்ல. ஒருவர் தானாகக் கற்க எவ்வளவு தயாராக இருக்கிறார் என்று அளக்கும் கேள்வித்தாளை 1977-இல் அமெரிக்காவில் லூசி குக்லியெல்மினோ தன் முனைவர் பட்ட ஆய்வில் உருவாக்கினார். இணையவழிக் கல்விக்கென்றே 2010-இல் தைவானில் மின்-லியாங் ஹங்கும் சக ஆய்வாளர்களும் ஒன்றைத் தயாரித்தார்கள். அதில் ஐந்து பிரிவு. கணினியையும் இணையத்தையும் கையாளும் நம்பிக்கை ஒன்று. தானே திட்டமிட்டுக் கற்பது ஒன்று. கவனம் சிதறாமல் தன்னைப் பிடித்துவைப்பது ஒன்று. கற்கும் ஆர்வம் ஒன்று. இணையத்தில் கூச்சமில்லாமல் கேட்பதும் பேசுவதும் ஒன்று. 1,051 கல்லூரி மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். கணினி நம்பிக்கை, ஆர்வம், பேச்சு ஆகிய மூன்றிலும் மாணவர்கள் உயரத்தில் இருந்தார்கள். திட்டமிடுவதிலும் தன்னைப் பிடித்துவைப்பதிலும் தாழ்ந்திருந்தார்கள். ஆண், பெண் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ஆனால் முதல் இரண்டு ஆண்டு மாணவர்களைவிட மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் நான்கு பிரிவுகளில் மேலே இருந்தார்கள். கணினி நம்பிக்கையில் மட்டும்தான் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை.

இதை உன் கடிதத்தோடு சேர்த்துப் படித்துப் பார். போன் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆர்வம் இல்லாதவள் உதவிப் பணத்தை எடுத்துத் தேர்வுக்குக் கட்டமாட்டாள். நீ தடுக்கி விழுந்திருப்பது, அந்த மாணவர்கள் தாழ்ந்திருந்த அதே இரண்டு இடத்தில். ஆண்டு கூடக்கூட அந்த இரண்டும் மேலே வருகின்றன என்றால், அவை பிறவிக் குணமாக இருக்க முடியாது. பழகினால் வருகிற வேலை அது. நீ இன்னும் இரண்டாம் ஆண்டில்தான் இருக்கிறாய்.

படிவத்தில் நீ பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ‘என் படிப்பை நானே திட்டமிடுவேன்’ என்று கேட்டபோது உனக்கு பிளஸ் டூ ஞாபகம் வந்திருக்கும். விடியற்காலை எழுந்து படித்தது, நல்ல மார்க் வாங்கியது. ஆனால் அங்கே திட்டம் போட்டது யார்? எதைப் படிக்க வேண்டும் என்று புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள் சொல்லின. எப்போது என்று சாயங்கால ஸ்பெஷல் கிளாஸும் திருப்புதல் தேர்வும் சொல்லின. எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று டீச்சர் சிவப்பு மையில் சொன்னார். நீ உழைத்தாய், அது உண்மை. அடுத்து என்ன, தெரிந்துவிட்டதா, எங்கே சிக்கியது என்று முடிவெடுக்கும் வேலை மட்டும் உன்னிடம் வரவே இல்லை. ஆன்லைன் பாடத்தில் அந்த மூன்றும் ஒரே நாளில் உன் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டன.

இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2020-இல் ஊரடங்கு வந்து கல்லூரிகளை மூடியபோது போனில் வகுப்பு எடுத்தேன். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் ‘புரிந்ததா?’ என்று கேட்பேன். ‘யெஸ் மேம்’ என்று வரிசையாக வந்து விழும். இரண்டு மாதம் அதை நம்பினேன். ஒருநாள் அதே கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் செய்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒன்றிரண்டு படம்தான் வந்தது. பிள்ளைகள் ஏமாற்றவில்லை. புரிந்த மாதிரி இருந்ததைப் புரிந்ததாக நம்பியிருக்கிறார்கள். ‘புரிந்ததா’ என்று கேட்ட என் கேள்வியும் உன் கல்லூரிப் படிவமும் ஒரே ரகம். ஆளின் அபிப்பிராயத்தைத்தான் இரண்டும் கேட்கின்றன.

உன் ஊரில் பழம் பறிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. காப்பிப் பழம் பார்வைக்கு எல்லாம் ஒரே சிவப்பாக இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால்தான் முற்றியது அடியில் போகும், உள்ளே பொக்காக இருப்பது மேலே மிதக்கும். வீடியோ பார்க்கும்போது ‘எல்லாம் புரிகிறது’ என்று எழுதியிருக்கிறாயே, அது அந்தச் சிவப்பு. நீ இன்னும் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. அசைன்மென்டைத் திறக்கும்போதுதான் முதல்முறையாகப் போடுகிறாய். அதனால்தான் அங்கே அத்தனை பயம்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்றை என் மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் சொல்வேன். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். சிலர் அதை மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவைத்து, நினைவில் நின்றதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அது தலைகீழானது. மறுபடி படித்தவர்களுக்கு 42 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு. வீடியோவை இரண்டாவது முறை ஓடவிடுவது உனக்கு நிம்மதி தரும். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்ப்பது எரிச்சலாக இருக்கும். தேர்வு அறையில் கூட வரப்போவது அந்த எரிச்சலில் எழுதியதுதான்.

உன் பாடத்தில் இதை எப்படிச் செய்வது என்று ஒரு சின்ன உதாரணத்தில் காட்டுகிறேன். பைத்தானில் எண்களை வரிசையாக ஒவ்வொன்றாகத் தரும் ‘ரேஞ்ச்’ என்று ஒன்று வந்திருக்கும். அதற்குள் 1, 5 என்று கொடுத்து, வருகிற எண்களையெல்லாம் கூட்டச் சொன்னால் விடை என்ன? கணினியில் ஓட்டாதே. முதலில் ஒரு தாள் எடு. இரண்டு கட்டம் போடு. ஒன்றில் ஒவ்வொரு சுற்றிலும் வரும் எண், இன்னொன்றில் அதுவரை கூட்டிய மொத்தம். முதல் சுற்றில் எண் 1, மொத்தம் 1. அடுத்து எண் 2, மொத்தம் 3. இப்படிக் கடைசிவரை எழுதி, ‘விடை இது’ என்று அடிக்கோடு இட்டபிறகு ஓட்டு. பெரும்பாலானவர்கள் 15 என்று எழுதுவார்கள். வருவது 10. பைத்தான் அந்த 5-ஐத் தொடாது, 4-உடன் நின்றுவிடும். வீடியோவில் ஆசிரியர் இதைச் சொல்லியிருப்பார், நீயும் தலையாட்டியிருப்பாய். ஆனால் உன் கையால் 15 என்று எழுதி, அது 10 என்று திரும்பி வந்தபிறகு அந்த விதி உன்னைவிட்டுப் போகாது. எண்ணைக் கணினி சொல்வதற்கு முன் நீ சொல்ல வேண்டும். மற்ற அத்தனை யோசனையையும் நீ மறந்தாலும் பரவாயில்லை, இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்.

எப்போது செய்வது? விடை உன் கடிதத்திலேயே இருக்கிறது. கல்லூரி முடிந்து பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரம். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு பைத்தான் படிக்க என்னாலும் முடியாது. கூட்டம், ஹாரன், கையில் போன். ரீல்ஸ் வந்து நிற்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அந்த ஆப்பைச் செய்தவர்கள் உன் கண்ணைப் பிடித்துவைப்பதற்காகவே உட்கார்ந்து யோசித்தவர்கள். மனவுறுதியை வைத்து அதை ஜெயிக்கப் பார்க்காதே, இடத்தை மாற்று. கல்லூரி கம்ப்யூட்டர் லேப் அந்த நேரத்தில் திறந்திருக்குமா என்று துறைத் தலைவரிடம் கேள். ஒருத்தியாகப் போய்க் கேட்டால் தயங்குவார்கள். உன்னைப்போலப் பாடத்தில் சிக்கிக்கொண்டவர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு போ. வாரத்தில் மூன்று நாள் போதும். லேப் கிடைக்காவிட்டால் கல்லூரி நூலகம். போன் பைக்குள், தாளும் பேனாவும் மேஜைமேல்.

அந்த இரண்டு மூன்று பேர் லேபுக்கு மட்டும் இல்லை. சுயமாகக் கற்றல் என்ற சொல்லைக் கேட்டதும் தனியாக ஒரு மூலையில் உட்கார வேண்டும் என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தத் துறையில் பெரிதும் பேசப்படும் மால்கம் நோல்ஸ் 1975-இல் அதற்கு விளக்கம் எழுதியபோதே, பிறர் உதவியுடனோ உதவி இல்லாமலோ என்று சேர்த்துத்தான் எழுதினார். முன்கை எடுப்பது நீயாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உன் தாளை அவள் திருத்தட்டும், அவள் தாளை நீ திருத்து. ஒருத்தி வராத நாளில் மற்றவள் ‘ஏன் வரல’ என்று கேட்பாள் பார், பல நாள் அந்த ஒரு கேள்விதான் உன்னைப் பாடத்தில் பிடித்துவைக்கும்.

பஸ்ஸில் வீடியோ பார்ப்பதை இன்றோடு நிறுத்து. இருபது கொண்டை ஊசி வளைவில் திரையைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைப் புரட்டும். போனை உள்ளே வைத்துவிட்டுக் கண்ணை மூடி, முந்தின நாள் தாளில் எழுதியதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார். எது வரவில்லையோ அதை மட்டும் இறங்கியதும் பார்த்துக்கொள். அதற்கு சிக்னலும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். வாரத்துக்கான வீடியோக்களைக் கல்லூரி வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் வீட்டில் சிக்னல் தேடி வாசலுக்கும் மேட்டுக்கும் அலைய வேண்டியதில்லை.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். என்.பி.டி.இ.எல். பல பாடங்களின் விரிவுரையைத் தமிழிலும் எழுத்தாகத் தந்திருக்கிறது. உன் பாடத்துக்கு இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டாலும் கலங்காதே. ஒரு பாடத்தில் திரும்பத் திரும்ப வருகிற கலைச்சொற்கள் ஒரு நோட்டில் நாலைந்து பக்கத்துக்குள் அடங்கிவிடும். இடப்பக்கம் அந்தச் சொல், வலப்பக்கம் உன் தமிழில், நீ தோழியிடம் எப்படிச் சொல்வாயோ அப்படி. அகராதியில் இருப்பதைப் பார்த்து எழுதாதே. ‘லூப்’ என்றால் ‘நிறுத்தச் சொல்லும்வரை திரும்பத் திரும்பச் செய்’ என்று நீ எழுதினால் போதும். ஃபோரத்தில் கேட்பதற்கு இலக்கணம் வேண்டாம். இந்தக் கேள்வி எண், நான் நினைத்த விடை 15, வந்தது 10, ஏன்? இதை உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூன்று வரியில் போடு. ‘எனக்குப் புரியவில்லை’ என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்ல யாருக்கும் வழி தெரியாது. எங்கே சிக்கியது என்று எழுதுகிறவர்களுக்கு யாராவது பதில் போட்டுவிடுவார்கள்.

ஏஐ பற்றி உன்னிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசவேண்டும். அதைத் தொடாதே என்று சொல்லமாட்டேன். வீட்டில் கேட்க ஆளில்லாத, டியூஷன் இல்லாத ஒரு பெண்ணுக்கு ராத்திரி பத்து மணிக்குத் தமிழில் பதில் சொல்லும் ஒன்று கிடைத்திருக்கிறது. நான் படித்த காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ கண்ணீர் மிச்சமாகியிருக்கும். ஆனால் அதனிடம் விடையைக் கேட்காதே. முதலில் இருபது நிமிடம் நீ முட்டிப் பார். அப்புறம் இப்படிக் கேள்: ‘நான் இந்தக் கணக்கை இப்படிச் செய்தேன். மூன்றாவது சுற்றில் குழம்பிவிட்டேன். விடையைச் சொல்லாதே. நான் எங்கே தவறினேன் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி மட்டும் கேள்.’ அது கேட்கும், நீ பதில் சொல்வாய், மறுபடி கேட்கும். பாடம் முடிந்ததும், ‘இந்தப் பகுதியிலிருந்து எனக்கு ஐந்து கேள்வி கொடு, நான் சொன்னபிறகு திருத்து’ என்று கேள். சில சமயம் அது தப்பையும் அடித்துச் சொல்லும். அதனால் அது கொடுத்த நிரலைத் தாளில் ஓட்டிப் பார்க்காமல் நம்பாதே.

டெலிகிராம் விடைகளைப் போடுகிறவர்கள் 25-க்கு 25 வாங்குவார்கள். நீ 14 வாங்குவாய். அந்த வாரம் மனசு கஷ்டப்படும், தெரியும். 75 மதிப்பெண் தேர்வு அறைக்குள் டெலிகிராம் வராது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உன் சொந்த உழைப்பில் வந்த 14, எந்தப் பதினொன்று உனக்குத் தெரியாது என்று காட்டிக்கொடுக்கும். அந்த 25 எதையும் காட்டாது.

இந்தப் பழக்கம் இந்த ஒரு பாடத்தோடு முடியாது என்பதற்காகவும் இவ்வளவு சொல்கிறேன். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்கப் பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2021-இல் விதி செய்தது. நம் மாநிலத்தில் 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இணையவழிப் பயிற்சிகள் வருகின்றன. நாளை எம்.எஸ்சி. போனாலும் வேலைக்குப் போனாலும் ‘நீயே படித்துக்கொள்’ என்று ஒரு லிங்க் வரும்.

இந்த இடத்திலிருந்து சில வரிகளை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டு.

ஐயா, வணக்கம். உங்கள் மகள் கையில் போன் இருப்பதைப் பார்த்து நீங்கள் கோபப்படுவதில் தப்பில்லை. அதில் கொஞ்ச நேரம் வீணாகத்தான் போகிறது என்று அவளே எழுதியிருக்கிறாள். ஆனால் இப்போது அவளுடைய பாடப்புத்தகமும் வகுப்பும் அதற்குள்தான் இருக்கின்றன. ஒரு உதவி கேட்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நாற்பது நிமிடம் அவளுக்குக் கொடுங்கள். அந்த நேரத்தில் பாத்திரம், தண்ணீர், தம்பி தங்கை என்று எதுவும் அவளைக் கூப்பிட வேண்டாம். உங்கள் கண் முன்னாலேயே உட்கார்ந்து படிக்கட்டும். முடிந்ததும் ‘இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குப் புரிகிற மாதிரி அவள் சொல்கிறாளா என்று மட்டும் பாருங்கள். சொல்ல முடியாமல் திணறினால் திட்டாதீர்கள், ‘நாளைக்குச் சொல்லு’ என்று விடுங்கள். பெரிய படிப்புப் படித்த வாத்தியார் செய்யும் வேலை அது, உங்களாலும் முடியும். பழம் பறிப்பு மும்முரமாவதற்குள் இந்தத் தேர்வு முடிந்துவிடும்.

உன் கல்லூரி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். படிவம் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. பலரும் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் ‘மிகவும் தயார்’ என்ற முடிவை ஒரு பத்தொன்பது வயதுப் பெண் நம்பிவிடுகிறாள். மூன்றாவது வாரம் தடுக்கும்போது ‘நான் தயாராகத்தான் இருந்தேன், அப்படியிருந்தும் முடியவில்லை என்றால் என்னிடம்தான் ஏதோ குறை’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறாள். படிவத்துக்குப் பதில் ஒரே ஒரு வார மாதிரிப் பாடம் கொடுங்கள். ஒரு வீடியோ, ஒரு அசைன்மென்ட், ஒரு கெடு. யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரம் லேபில் இந்தப் பாடங்களுக்கென்று ஒதுக்கி, பக்கத்தில் ஒரு ஆசிரியர் உட்காருங்கள். மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டு இணையம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உன்னிடம் திரும்பி வருகிறேன். விட்டுப்போன 4, 5, 6-ஆம் வாரங்களை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் 7-க்குப் போவேன் என்று அடம்பிடிக்காதே. அந்தப் பாரம்தான் உன்னை மறுபடி முடக்கிப்போடும். இந்த வாரம் 7-ஆவதைத் திற. அதில் எது புரியவில்லையோ, அது முந்தைய எந்த வாரத்தில் வந்தது என்று தேடி, அந்த ஒரு வீடியோவை மட்டும் பார். மீதியை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள். 9-ஆம் வாரம் முடியும்போது நின்று யோசி. அதற்குள் இரண்டு அசைன்மென்டாவது உன் கையால் போட்டிருந்தால் நேராகத் தேர்வுக்குப் போ. போட முடியவில்லையென்றால் தேர்வுக் கட்டணத்தோடு போகட்டும், அடுத்த பருவத்தில் ஒரு 4 வாரப் பாடம் எடுத்து இதே முறையில் முடி. அதை நான் தோல்வி என்று எண்ணமாட்டேன், நீயும் எண்ணக்கூடாது.

இன்னொரு கடிதம் எனக்கு எழுது. அதோடு நீ கட்டம் போட்டு எழுதிய ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பு. கணினி சொல்வதற்கு முன் நீ எழுதிய விடை அதில் இருக்க வேண்டும். தப்பாக இருந்தால் அடித்துவிடாதே, அப்படியே அனுப்பு.